கணேஸ்வரன் பழுது பார்த்த குளியலறை

பாயா ரும்புட்டில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால், மூன்றாவது வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு கணேஸ்வரனுடையது. அந்த வீட்டுக் குளியலறையில் ஒன்பது வருஷமாகப் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை ஒருநாளும் நின்றதில்லை என்பதில் கணேஸ்வரனுக்குப் பெருமை உண்டு. மற்றவர்கள் வீட்டில் ஏதாவது உடைந்தால் ஆளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று அவர் கேட்பார்.

கை கழுவும் தொட்டியின் குழாயை முழுக்கத் திருப்பி, பிறகு குழாய்த் தலையை லேசாக மேலே தூக்கிப் பிடித்து, அப்படியே ரப்பர் பேண்டை மாட்டிவிட வேண்டும். அப்போது சொட்டுவது குறையும். ஷவர் தலை கேபிள் டையில் தொங்கியது. குளிக்கிற ஆளைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் அது தண்ணீர் அடித்தது. கழிவறைத் தண்ணீர்த்தொட்டிக்குப் பிடி கிடையாது. மூடியைத் திறந்து உள்ளே கிடக்கும் மீன்பிடி நரம்பை இரண்டு முறை இழுக்க வேண்டும். விருந்தாளி யாராவது எழுந்து குளியலறைப் பக்கம் பார்த்தால் மகள் ராகினியும் கூடவே எழுந்துவிடுவாள். விமானத்தில் பணிப்பெண் காட்டுவது போல் கையை நீட்டி நீட்டி விளக்கம் சொல்லிவிட்டு, “மூணாவது தடவ மட்டும் இழுக்காதீங்க அங்கிள், கையோட வந்துரும்” என்று முடிப்பாள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

கணேஸ்வரன் குருபோங்கில் ஒரு லாரி கம்பெனியில் வேலை செய்தார். எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று போனில் சொல்கிற வேலை. நாள் முழுக்க மற்றவர்களுக்கு வழி சொல்லிப் பழகிய வாய். வீட்டில் அவரிடம் சிவப்பு நிறத்தில் மூன்றடுக்குச் சாமான் பெட்டி இருந்தது. அதில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக, ஒரு கீறல் இல்லாமல் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் காணொளி பார்த்துக்கொண்டே அவற்றுக்கு எண்ணெய் போடுவார்.

“பிளம்பரக் கூப்பிடலாமுங்க” என்று தேவமலர் சொன்னால், “அவன் வந்து என்னா செய்யப் போறான்? நான் செய்யறததான் செய்வான்” என்பார்.

இந்த வீட்டில் இப்படிச் சொட்டிக்கொண்டிருந்ததில் ஒரு விசேஷம் உண்டு. தேவமலர் முப்பத்து மூன்று வருஷமாக ரப்பர் வளையம் செய்கிற தொழிற்சாலையில் பரிசோதகர். குழாய்க்குள்ளும் பம்புக்குள்ளும் தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கிற வளையங்கள். ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட்டை வீடு கட்ட விற்றபோது பெற்றோரோடு டவுனுக்கு வந்து, எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்த கையோடு பத்தொன்பது வயதில் அந்த வேலைக்குப் போனவர். விளக்குக்கு அடியில் உட்கார்ந்து வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தள்ளுவது அவர் வேலை. மயிரிழை வெட்டு, ஊசி நுனி அளவு குமிழி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் பார்த்து அனுப்பிய வளையங்களால் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் எத்தனையோ குளியலறைகள் ஒழுகாமல் இருந்தன. அவருடைய குளியலறை ஒழுகியது. தள்ளிவிட்ட வளையத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது கம்பெனி விதி. அதை எண்ணி, வெட்டி, மூட்டையில் போட்டுவிடுவார்கள்.

ஆறு வருஷம் தொடர்ந்து வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார்கூட வராத பிரிவு என்று அவருடைய பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது. ஆறு தடவையும் மேடையேறி அதை வாங்கியவர் பிரிவுத் தலைவர். போட்டோவில் தேவமலர் இரண்டாம் வரிசையில், முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னால், நெற்றியும் பொட்டுமாகத் தெரிவார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வேலை சரியாக நடந்தால் போதும் என்று இருந்துவிட்டவர்.

போன ஜனவரியில் கணேஸ்வரன் மாலை போட்டுக்கொண்டு கோயில் குழுவோடு சபரிமலைக்குப் புறப்பட்டார். பதினான்கு நாள் பயணம். போகிற அன்று காலையில் கை கழுவும் குழாயை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, “இனிமே ஆறு மாசத்துக்கு இதத் தொட வேணாம்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அவர் மெட்ராஸில் இறங்குவதற்குள் குழாய்த் தலை ராகினியின் கையோடு வந்துவிட்டது. மறுநாள் நரம்பு அறுந்தது. அதற்கும் மறுநாள் தண்ணீர்த்தொட்டி நிரம்பி, நிற்காமல், ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

தேவமலர் இரண்டு பிளம்பர்களைக் கூப்பிட்டார். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் போட்டோ அனுப்பச் சொன்னார். ராகினி நாலு போட்டோ எடுத்து அனுப்பினாள். அவர் பதிலுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்றை அனுப்பிவிட்டுக் காணாமல் போனார்.

“அம்மா, நாம வாணி அக்கா வீட்டுல போய்க் குளிச்சுட்டு வந்துருவோமா?” என்றாள் ராகினி. வாணி பக்கத்து வரிசையில் இருந்தவர். அரசு மருத்துவமனையில் தாதி, மகனோடு தனியாக இருந்தார்.

“பதினாலு நாளைக்குமா? அப்பா வந்த பிறகு மட்டும் என்னா, எல்லாம் சரியாயிருமா?” என்றார் தேவமலர். சொன்ன பிறகுதான் தான் சொன்னதன் பொருள் அவருக்கே உறைத்தது.

அன்று சனிக்கிழமை. சிவப்புப் பெட்டியைத் திறந்தார். பிறர் பூஜை அறைக்குள் செருப்போடு போவது போல் ஒரு கூச்சம் இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலில் வாசலில் மீட்டர் பக்கத்தில் இருந்த வால்வை மூடினார். உள்ளே வந்து பார்த்தால் தண்ணீர் அதே வேகத்தில் ஓடியது. கூரைக்கு மேலே ஒரு தொட்டி இருப்பதும், அது காலியாகும் வரை மீட்டரை மூடிப் பயனில்லை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வீட்டில் இருந்த வாளி, பேசின், பொங்கல் பானை எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு குழாய் இருமி, மூச்சுவிட்டு, அடங்கியது.

குழாயைக் கழற்றி உள்ளே இருந்த வாஷரை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் லட்சக்கணக்கில் பார்த்த கண். இப்படி ஒன்றை அது பார்த்ததில்லை. நீல நிறம். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஒரு பக்கத்தில் வரி வரியாகக் கோடு.

ராகினி எட்டிப் பார்த்தாள். “அம்மா, இது அப்பாவோட பழைய சிலிப்பரு!”

சிலிப்பர்தான். கணேஸ்வரன் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டிருந்தார். தேவமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று இந்த மனுஷர் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா என்று நினைத்தார்.

அந்த வாஷரையும், தண்ணீர்த்தொட்டிக்குள் இருந்து எடுத்த காய்ந்து வளைந்த ரப்பர் மூடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பாச்சாங்கில் இருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போனார். கடை முதலாளியான சீனத் தௌக்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீல வாஷரைப் பார்த்தார். பிறகு தேவமலரைப் பார்த்தார். வீட்டுக்காரர் பெயர் கணேஸ்தானே என்று மலாயில் கேட்டார். அவர் மாதம் ஒரு தடவை வருவார், எதையாவது வாங்குவார், மறுவாரம் அளவு சரியில்லை என்று கொண்டு வந்து மாற்றுவார், நல்ல மனிதர், நிறையப் பேசுவார் என்றார். தேவமலர் அந்த அளவில் வாஷர் காட்டச் சொன்னார். தௌக்கே நீட்டிய வாஷர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முதல் மூன்றைத் தள்ளி வைத்தார். நாலாவதை எடுத்துக்கொண்டார். தௌக்கே தள்ளி வைத்த மூன்றையும் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, அந்த டப்பாவையே அலமாரியிலிருந்து இறக்கி, விற்காமல் ஒதுக்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ராகினி மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே புதுக் குழாய் இரண்டு, புது ஷவர் தலை ஒன்று, வளையும் ஹோஸ் ஒன்று. எல்லாம் கணேஸ்வரன் இரண்டு வருஷத்துக்கு முன்பே வாங்கி வைத்தவை. நல்ல நாள் பார்த்துப் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் மறுநாளும் வேலை நடந்தது. முதல் தடவை புதுக் குழாயின் மரையில், கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியதில் குழாயைத் திருகத் திருக டேப் பிரிந்து வெளியே வந்தது. இரண்டாவது தடவை சரியான பக்கம் சுற்றினார், ஆனால் குறைவாகச் சுற்றிவிட்டார். மூன்றாவது தடவையில் குழாய் சுவரோடு போய் உட்கார்ந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை சொல்லியது. இதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கும் என்று அவருக்குத் தெரியும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர்த்தொட்டியில் கடையில் வாங்கி வந்த புது மூடி, புது மிதவை. பக்கத்தில் அழுத்துவதற்கு ஒரு பிடி. ஞாயிறு மத்தியானம் வால்வைத் திறந்துவிட்டு வந்து குளியலறை நடுவில் நின்றார். எங்கேயும் சொட்டவில்லை. ஒன்பது வருஷச் சத்தம் நின்றுபோனதில் வீட்டிலிருந்து யாரோ புறப்பட்டுப் போய்விட்டது போல் இருந்தது. பிடியை அழுத்தினார். தண்ணீர் ஓடி, நிரம்பி, தானாக நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு இன்னொரு முறை அழுத்தினார்.

கணேஸ்வரன் கறுத்து, இளைத்து, பக்தியோடு திரும்பி வந்தார். மாலையைக் கழற்றியதும் குளியலறைக்குள் போனார். கால் மணி நேரம் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

“எந்தப் பிளம்பர் வந்தான்?”

“யாரும் வரல.”

“பொய் சொல்லாத மலர். யாரு போட்டது?”

“நான்தான் போட்டேன். ராகினி டார்ச்சு பிடிச்சா.”

அவர் அதைக் கொஞ்ச நேரம் மென்றார். பிளம்பர் வரவில்லை என்பது முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு மெதுவாக முகம் தெளிந்தது. “அந்த பைப்பு நான் வாங்கி வெச்சதுதானே?”

“ஆமா.”

“ஷவரு?”

“அதுவும் நீங்க வாங்குனதுதான்.”

“அதான் பாத்தேன்! சாமான் கரெக்டா இருந்தா யாரு வேணா போடலாம்லா. வேலையில முக்கால்வாசி சரியான சாமான எடுக்கறதுதான். மாட்டறது கால்வாசி.”

ராகினி வாயைத் திறந்தாள். தேவமலர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்த வாரம் முடிவதற்குள் முக்கால்வாசி முழுசாகிவிட்டது. கோயிலில், காப்பிக்கடையில், லாரிக்காரர்களிடம், மலையிலிருந்து வந்த கையோடு குளியலறையைப் புதுசாக மாற்றிய கதையைக் கணேஸ்வரன் சொன்னார். அவர் பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நாலைந்து தடவை சொன்ன பிறகு ஸ்பேனர் தன் கையில் இருந்தது அவருக்கே ஞாபகம் வர ஆரம்பித்திருந்தது. நம்பாதவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்து, பிடியை அழுத்தியும் காட்டினார்.

முதலில் கூப்பிட்டவர் ஓய்வு பெற்ற வாத்தியார் மருதமுத்து. அவர் வீட்டுக் கழிவறைத் தொட்டி நிற்காமல் ஓடியது. கணேஸ்வரன் சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “மலர், நீயும் வா. டார்ச்சு பிடிக்க ஆளு வேணும்” என்றார். போன இடத்தில் அவர் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். “ம்” என்றார். பிறகு வாத்தியாருக்குத் தண்ணீரின் அழுத்தம் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்து, விளக்கம் நீண்டு, இரண்டு பேரும் முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, காப்பி வந்து, பலகாரம் வந்தது. தேவமலர் குளியலறையில் மிதவையை மாற்றிவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு வந்தபோது கணேஸ்வரன் எழுந்தார். “முடிஞ்சிருச்சு சார். இனிமே பயமில்ல.”

இப்படியே ஆறேழு வீடு ஆயிற்று. ஏன் சும்மா இருக்கிறாய் என்று ராகினி ஒரு நாள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ செய்யற, அவரு பேர் வாங்கறாரு. எனக்கு எரியுதும்மா. ஒரு வார்த்த சொன்னா என்னா?”

தேவமலர் துணியை மடித்துக்கொண்டிருந்தார். “சொல்லிப் பாரேன். நாளைக்கே ஒரு பொம்பள பைப்பு மாட்ட வரான்னா எத்தன பேரு உள்ள விடுவாங்க? இவரு முன்னால உக்காந்து பேசறதுனாலதான் எனக்குப் பின்னால வேல நடக்குது.”

அது பாதிதான் உண்மை. மீதி உண்மையை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தொழிற்சாலையில் பிறர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துத் தள்ளுவதுதான் வேலை. அவர் கையால் ஒன்றும் சரியானதில்லை. இங்கே ஒழுகுவது நின்றது. சனிக்கிழமைக்காக அவர் காத்திருக்க ஆரம்பித்திருந்தார்.

ரகசியம் முதலில் வாணியிடம்தான் உடைந்தது. வாணி வேலை முடிந்து களைத்து வந்து தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கணேஸ்வரன் எதிரே உட்கார்ந்து, பழைய குழாய்களில் உப்பு எப்படிப் படிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாணி தண்ணீர் எடுக்க உள்ளே போனவர், குளியலறை வாசலில் நின்றுவிட்டார். தேவமலர் மல்லாக்கப் படுத்து, கை கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அக்கா... நீங்கதானா?”

தேவமலர் டேப்பை எடுக்காமலே கண்ணைக் காட்டினார். முன்னறையிலிருந்து கணேஸ்வரனின் குரல் கேட்டது: “பயப்படாதம்மா வாணி, இதெல்லாம் அனுபவந்தான்!” வாணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வாணியும், வாணி சொல்லி இன்னும் நாலைந்து பெண்களும், ஆண்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தேவமலரை நேராகவே கூப்பிட்டார்கள். ஆண்களுக்கு மட்டும் கணேஸ்வரன்தான் கைராசிக்காரர்.

சித்திரையில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. கோயிலுக்குப் பின்புறம், கை கால் கழுவுகிற இடத்தில் சுவரோடு ஆறு குழாய்கள். நாலு ஒழுகின, ஒன்று திறக்காது, ஒன்று மூடாது. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கோத்தோங் ரோயோங். எல்லாரும் கூடிக் கோயிலைக் கழுவிச் சுத்தம் செய்கிற நாள். கோயில் தலைவர் மணியம், “குழாய்க்கெல்லாம் நம்ம கணேஸ் இருக்காரு” என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். தேவமலரை மற்றப் பெண்களோடு சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். நூற்றைம்பது பேர் சாப்பாட்டுக்குக் காய் வெட்ட வேண்டும்.

“நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க” என்று தேவமலர் புருஷனிடம் காதோடு சொன்னார்.

“நீ போ, நான் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

அவர் தொடாமல்தான் இருந்திருப்பார். ஆனால் இருபது பேர் சுற்றி நின்றார்கள். பெட்டியைத் திறந்து வைத்துப் பத்து நிமிஷம் பேசினார். பேச்சு தீர்ந்துபோனது. அங்கே உட்காரச் சோபாவும் இல்லை, காப்பியும் வரவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய ஸ்பேனரை எடுத்து மூடாத குழாயில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். பழைய பித்தளை. குழாய் திரும்பவில்லை, முறிந்தது. மரையோடு பாதி சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீர் கணேஸ்வரனின் மார்பில் அடித்து, அவர் விலகியதும், மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மணியத்தின் பட்டு வேட்டியில் அடித்தது.

“மூடுங்கலா! மூடுங்க!”

“எதய மூடறது?”

“மெயின் வால்வு எங்க?”

யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் துண்டை வைத்து அடைத்தார். துண்டு பறந்தது. இன்னொருவர் தேங்காய் மட்டையைக் கொண்டுவந்தார். மணியம் தண்ணீர் அலுவலகத்துக்குப் போன் போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

சமையல்கட்டில் சத்தம் கேட்டுத் தேவமலர் வெளியே வந்தார். கையெல்லாம் மஞ்சள். கூட்டத்துப் பக்கமே அவர் போகவில்லை. முன்வாசல் கேட்டுக்குப் போய், குப்பை மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த மீட்டரைக் கண்டுபிடித்து வால்வைத் திருகினார். கோயில் குழாய்க்குக் கூரைத்தொட்டி கிடையாது, நேராக மெயின் லைன்தான் என்பதை அவர் பொங்கலன்றே கவனித்து வைத்திருந்தார். தண்ணீர் நின்றது. திரும்பி வந்து, சிவப்புப் பெட்டியிலிருந்து தட்டை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சுவருக்குள் தங்கிவிட்ட பித்தளைத் துண்டுக்குள் வைத்து ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினார். அது பிடித்துக்கொண்டதும் மெல்லத் திருப்பினார். துண்டு வெளியே வந்தது. துளையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கோயிலில் வாங்கி வைத்திருந்த புதுக் குழாயில் வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றி, மாட்டி, நேராக நிறுத்தினார்.  இருபது பேரும், சமையல்கட்டிலிருந்து வந்த பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்தது வந்தோம் என்று மற்ற ஐந்தையும் கழற்றி மாற்றினார். பிறகு கேட்டுக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தார். ஆறு குழாயும் கம்மென்று இருந்தன.

மணியம் வேட்டியைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்தார். கணேஸ்வரனின் ஈரத் தோளில் கை வைத்தார்.

“கணேஸு, நீ செய்வேன்னு தெரியும். ஆனா வீட்டுப் பொம்பளைக்கே இந்த அளவுக்குக் கத்துக் குடுத்து வெச்சிருக்கியே! எத்தன பேருக்கு இந்த மனசு வரும்?”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். கணேஸ்வரன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். தேவமலர் குனிந்து ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை. கணேஸ்வரன் அதைப் பார்த்தார். தோளில் இருந்த மணியத்தின் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

“இல்ல தலைவரே” என்றார். “நான் ஒண்ணும் கத்துக் குடுக்கல. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுல, வாத்தியார் வீட்டுல, வாணி வீட்டுல, எல்லாம் செஞ்சது இவதான். நான் சும்மா பேசிக்கிட்டு இருந்தேன்.”

 மணியம் கடகடவென்று சிரித்தார். “பாத்தீங்களா? இதான் கணேஸு! என்னா அடக்கம், என்னா அடக்கம்!” வாத்தியார் மருதமுத்து கைதட்டினார். “நிறைகுடம்” என்று யாரோ சொன்னார்கள். “தலைவரே, நான் நெஜமாத்தான் சொல்றேன்” என்று கணேஸ்வரன் சொல்லச் சொல்ல, அவர்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பெண்கள் பக்கத்தில் வாணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

திருவிழாவன்று கணேஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியை வாங்கி, இது தன் மனைவிக்குச் சேர வேண்டியது என்று மறுபடியும் சொன்னார். மனைவியின் ஒத்துழைப்பை மறக்காத கணவர் என்று அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது. தேவமலரை மேடைக்கு அழைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். இந்தத் தடவை முன்வரிசைதான். ஆனால் பொன்னாடையின் சரிகை வெளிச்சத்தில் பளிச்சிட்டு, அவர் முகம் பாதி வெளுத்துப் போயிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கணேஸ்வரன் காடியை ஓட்டினார்.

“அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று தேவமலர் கேட்டார்.

“சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கறப்ப பொய் வரல.” அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆனா யாரும் நம்பலியே.”

“நீங்க நாலு மாசமா அவ்வளவு நல்லாப் பேசியிருக்கீங்க.”

 அவருக்குக் காதோரம் சிவந்தது. சிக்னலில் நின்றபோது, “உன் பேக்டரில நீ என்னா மாதிரி வாஷர்லா பாக்கற?” என்று கேட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். தேவமலர் சொல்ல ஆரம்பித்தார். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது போன் அடித்தது. குருபோங்கிலிருந்து யாரோ ஒருவர். ஷவர் சுவருக்குள் கசிகிறதாம். “இருங்க, வேல செய்யறவங்ககிட்டயே குடுக்கறேன்” என்று கணேஸ்வரன் போனை மனைவியிடம் நீட்டினார்.

“அலோ” என்றார் தேவமலர்.

மறுமுனை தயங்கியது. “அண்ணன் இல்லீங்களா?”

“பக்கத்துலதான் இருக்காரு. சனிக்கிழம காலையில ஒம்பதுக்கு வரோம். உங்க வீட்டுல கூரத்தொட்டி இருக்கா? இருந்தா எட்டு மணிக்கே மீட்டர் வால்வ மூடி, பைப்பத் தொறந்துவிட்டுருங்க. பக்கெட்ல தண்ணி பிடிச்சு வெச்சுக்குங்க.”

“சரிங்க. அண்ணன் அப்படிச் சொல்லச் சொன்னாரா?”

தேவமலர் கணேஸ்வரனைப் பார்த்தார். அவர் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றார். “அண்ணன்தான் சொன்னாரு. எட்டு மணிக்கு மறக்காம மூடிருங்க.”